பழுப்பு நாய் ஒன்று, கூடையுடன்

விக்னராஜா தன் வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கப்டனாக இருந்தவரல்ல. ஆனால் 1976ஆம் ஆண்டு நோபல் பார்க்கில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கப்டன் வீடு எது என்று கேட்டாலும், ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது தெரு, பச்சைத் தபால் பெட்டி என்று வழி சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்ல அங்கே மொத்தம் ஒன்பது தமிழ் வீடுகள்தான் இருந்தன. அந்த ஒன்பது வீட்டுக்கும் அந்தப் பட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரேதான்.

ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அதிபர் அலுவலகத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்து நாலு பியோன்களை விரட்டிய மனிதர். மகள் டொக்டர். அவள் கூப்பிட்டதால் மனைவி யோகராணியோடு மூன்று வருஷத்துக்கு முன் மெல்பேர்ணுக்கு வந்து, டண்டினோங்கில் கார் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்துநாலு வயது ஃபோர்மன் அவரை 'விக்' என்று கூப்பிட்டு, ஆணிப்பெட்டியைக் காலால் தள்ளிவிடுவான். அதே ஃபோர்மன், சித்திரை மாதத்தில் படைவீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் நெருங்கினால், மெடல் வைத்திருக்கும் கிழட்டுத் தொழிலாளர்களை மட்டும் 'சேர்' போட்டுக் கூப்பிடுவான். அதைப் பார்த்துப் பார்த்து விக்னராஜாவுக்கு வயிறு எரிந்தது. தானும் அந்த ஊர்வலத்தில் நடக்க வேண்டும், அந்தப் பக்கத்து முன்னாள் படைவீரர் கழகத்தில் உறுப்பினராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் படையில் இருந்தது உண்மைதான். அதைப் படை என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்தால்.

வெள்ளைக்காரன் தன் தீவுகளைக் காப்பாற்ற வைத்திருந்த சீரை இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் கரையோரத் தொண்டர் படை என்று நாற்பது பேர். நாற்பது பேருக்குப் பன்னிரண்டு துவக்கு. மிச்சப் பேருக்குத் துறைமுகத் தச்சுப் பட்டறையில் செய்த மரத்துவக்கு. மேட்டில் இரண்டு பீரங்கி. ஒன்று முந்தின சண்டையில் பாவித்தது, அதற்கென்று கொழும்பிலிருந்து வந்து இறங்கிய குண்டுகள் வேறு அளவு. மற்றது பனங்குற்றி. தார் பூசி, கடலைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தார்கள், மேலிருந்து பார்க்கிற யப்பான்காரன் பயந்து திரும்பிப் போவான் என்று. சுடப் பழக ஆளுக்கு வருஷத்தில் ஐந்து ரவை. சலியூட் அடிக்கப் பழக நாளுக்கு நாலு மணித்தியாலம். எதிரி வந்தால் நாற்பது பேரும் சேர்ந்து ஒரு நேர்த்தியான சலியூட் அடித்து அவனைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று யாரோ லண்டனில் நம்பியிருக்க வேண்டும்.

அதிகாரி வெள்ளைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். சட்டத்தில் எழுதியிருந்ததோ இல்லையோ, நடைமுறை அதுதான். அப்படி வந்தவர் விட்டேக்கர் துரை. கொழும்பில் ஒரு தேயிலைக் கொம்பனியில் தேத்தண்ணி ருசி பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தவர். சண்டை வந்ததும் ஒரே இரவில் லெப்டினன்ட் ஆனார். அவருக்கு மேட்டடியில் பங்களா, ஒரு சமையல்காரன், பிரின்ஸ் என்று ஒரு பழுப்பு நாய்.

இருபத்தொரு வயது விக்னராஜா அந்தப் படையின் கிளாக்கர். சுடத் தெரியாது, இங்கிலீசு எழுதத் தெரியும். உள்ளூர் ஆட்கள் காவலை விட்டு அசைய வேண்டுமென்றால் துரை ஒப்பமிட்ட அனுமதித் துண்டுச்சீட்டு வேண்டும். வயிற்றைக் கலக்கினாலும் துண்டு, தாய் செத்தாலும் துண்டு. துண்டில்லாமல் போனவன் ஓடிப்போனவன். அந்தத் துண்டுகளை எழுதுவதுதான் விக்னராஜாவின் உத்தியோகம். காபன் வைத்து எழுதி, ஒன்றை ஆளிடம் கொடுத்து, ஒன்றைப் பைலில் போட வேண்டும். விக்னராஜா மூன்றாவதாக ஒன்றும் எழுதுவார், தனக்கு. நாளைக்குப் பழி தன் தலையில் விழுந்தால் எடுத்துக் காட்ட ஒரு கொப்பி கையில் இருக்க வேண்டும். கிளாக்கர்மாருக்கு அது தாய்ப்பாலோடு வந்த பயம், துரைமாருக்கு அது தெரியவே தெரியாது.

இனி மெல்பேர்ணுக்கு வருவோம். கழகத்தில் சேர ஓர் அதிகாரியின் கடிதம் கேட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், விட்டேக்கர் துரை இங்கேதான் பிறைட்டனில், கடலோரமாக வீடு கட்டி இருக்கிறார், இப்போது மேஜர் விட்டேக்கர். மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை விக்னராஜா கோட் போட்டு, டை கட்டி, ரெயில் ஏறிப் போனார். ஐம்பத்தைந்து வயது மனிதர், வாசலில் நின்று தன்னை அறியாமலே சலியூட் அடித்தார். மேஜர் 'விக்கி' என்று கூப்பிட்டுப் பின்வாசல் வழியாக வரச்சொன்னார், தோட்டத்தில் காலில் மண் பட்டிருக்கலாமாம். உள்ளே மேஜரின் காலடியில் ஒரு பழுப்பு நாய் கிடந்தது. அதற்கும் பெயர் பிரின்ஸ்தான்.

மேஜருக்கும் விக்கி தேவைப்பட்டார். தன் படையின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதியிருந்தார், இருபத்தாறு பக்கம். பதினாலாம் பக்கத்தில் நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை ஒன்பதாம் தேதி யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட கதை. அதிகாரி பீரங்கியடியில் அசையாமல் நின்றார். நன்கு பயிற்றப்பட்ட அந்தச் சிறு படையும் நின்றது. அபாயச் சங்கு ஊதியவுடன் காவலை விட்டு ஓடியவன் ஒருவன்தான், பிரைவேட் அருளம்பலம் என்ற உள்ளூர்த் தொண்டன். ஓடிய வழியிலேயே குண்டு பட்டு இறந்தான். இதற்குக் கீழே, அன்று உடனிருந்த உள்ளூர்ச் சிப்பாய் ஒருவனின் கையெழுத்து இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் மேஜர். கழகத்துக்கான கடிதம் மேசையில் எழுதி வைத்தபடி இருந்தது.

விக்னராஜா அந்தப் பத்தியை இரண்டு தரம் வாசித்தார். ஆனால் அந்தப் பத்தியில் அவர் எடுத்துச் சொன்ன ஒரே பிழை, ஒரு காற்புள்ளி குறைகிறது என்பதுதான். காற்புள்ளியைப் போட்டார். கையெழுத்தையும் போட்டார். கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகவே வெளியே வந்தார்.

பங்குனியில் கழகத்தின் சின்னம் தபாலில் வந்தது. கூடவே மேஜரின் புத்தகம் முப்பது பிரதி. மனிதருக்குத் தலைகால் தெரியவில்லை. கிளேட்டனில் மண்டபம் வாடகைக்கு எடுத்துத் தமிழர் வருஷப்பிறப்புக் கொண்டாடியபோது, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்து வந்தவர் போனவர் எல்லோருக்கும் கொடுத்தார். "பதினாலாம் பக்கத்தைப் பாருங்கோ, என்ர பேர் கிடக்கு" என்று பக்கத்தையும் தானே விரித்துக் காட்டினார். வெட்கம் கெட்ட வேலை. தன் பெயருக்கு நாலு வரி மேலே யாருடைய பெயர் கிடக்கிறது என்பது அந்த மூளையில் அன்று ஏறவில்லை.

புதன்கிழமை பின்னேரம் வீட்டு மணி அடித்தது. யோகராணி கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, கையில் அந்தப் புத்தகம்.

"நான் கிளேட்டனிலயிருந்து வாறன். பேர் இரஞ்சிதம். மகன் இஞ்ச யூனிவர்சிற்றியில படிக்கிறான். கப்டன் நிக்கிறாரோ?"

விக்னராஜா பெருமையோடு எழுந்து வந்தார். இன்னொரு வாசகி என்று நினைத்தார், பாவி மனிதர். இரஞ்சிதம் கதிரையின் நுனியில் இருந்தாள். பஸ் டிக்கெற் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தாள்.

"மகன்தான் வாசிச்சுச் சொன்னவன், அண்ணை. இந்த அருளம்பலம் எண்டு கிடக்கிறது என்ர அண்ணன்."

அருளம்பலத்துக்கு ஒரு சின்னத் தங்கை இருந்தது விக்னராஜாவுக்குத் தெரியும். தகப்பன் இல்லாத வீடு, தாயையும் தங்கையையும் அவன் சம்பளம்தான் பார்த்தது என்பதும் தெரியும்.

"அவர் ஓடினதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

"அது பிள்ளை... மேஜர் எழுதினது. நான் சும்மா..."

"கீழ உங்கட கையெழுத்துக் கிடக்கு."

"அந்த நேரம் ஒரே புகை. ஆர் எங்க நிண்டது எண்டு..."

"நான் கதை கேக்க வரேல்லை, அண்ணை. கண்டனீங்களோ, இல்லையோ. ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேசினாள், சத்தம் போடாமல், தேத்தண்ணியைத் தொடாமல். ஓடிப்போனவன் என்று பதிந்ததால் படையிலிருந்து ஒரு சதமும் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. சந்தைக்குப் போனால் ஓடினவன்ர தாய் வாறா என்பார்களாம். இவளுக்குப் பேசி வந்த இரண்டு கலியாணம் அதைச் சொல்லியே குழம்பினது. மூன்றாவது ஆள் தூரத்து ஊர், விசாரிக்காமல் கட்டினார். தாய் ஐம்பத்தெட்டில் செத்தாள். சாகிற வரைக்கும், காக்கிச் சட்டை போட்ட எவனைக் கண்டாலும், தபால்காரனைக்கூட, என்ர பிள்ளை ஓடினவனோ என்று கேட்டாளாம்.

யோகராணி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முப்பது வருஷமாகக் கப்டன் கதை கேட்டுக் காது புளித்தவள்.

"இஞ்சேருங்கோ. சேட்டிபிக்கற் எல்லாம் கட்டின பைலுக்குள்ள நாய் எண்டு எழுதின ஒரு நீலத் துண்டு கிடக்கெல்லோ. நான் ஏதோ நாய் லைசென்ஸ் எண்டெல்லோ நினைச்சு இவ்வளவு காலமும் பொத்தி வச்சிருந்தனான். அதிலயும் அருளம்பலம் எண்டுதானே கிடந்தது?"

விக்னராஜா எழுந்து போனார். நம் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் நகையை விட்டுவிட்டாவது கொண்டுபோகிற அந்தச் சேட்டிபிக்கற் பைலை எடுத்து வந்தார். பிறப்புப் பதிவு, சீனியர் சோதனைப் பெறுபேறு, கச்சேரி நியமனம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மூன்றாவது கொப்பி. மெல்லிய தாள், காபன் நீலம் மங்கிப் போயிருந்தது. இரஞ்சிதத்துக்கு முன்னால் வைத்தார்.

நடந்தது இவ்வளவுதான். சங்கு ஊதியதும் விட்டேக்கர் துரைக்குப் பங்களாவில் கட்டியிருந்த பிரின்ஸ் நினைவுக்கு வந்தது. மேட்டில் நின்றவர்களில் சைக்கிள் ஓட்ட வல்லவன் அருளம்பலம். போய் நாயைக் கூடையில் வைத்துக் கொண்டுவா என்றார். துண்டில்லாமல் அசைந்தால் ஓடிப்போனவன் ஆவேன் என்று அருளம்பலம் நின்றான், பாவம், சட்டம் தெரிந்த பிள்ளை. தலைக்கு மேலே விமானம் இரைய, விக்னராஜா காபன் வைத்து மூன்று கொப்பி எழுதினார். துரை மேல் தாளில் இட்ட ஒப்பம் காபன் வழியாக மூன்றிலும் இறங்கிற்று. அருளம்பலம் தன் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் மேட்டை விட்டு இறங்கினான். திரும்பி வரும் வழியில் குண்டு விழுந்தது. பையிலிருந்த துண்டு அவனோடு எரிந்தது. பைலிலிருந்த துண்டை அன்று பின்னேரமே துரை கிழித்தெடுத்து, விக்கி, அப்படி ஒரு துண்டு எழுதப்படவில்லை என்றார். மூன்றாம் நாள் விசாரணையில், அவன் அனுமதியோடு போனானா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, சேர் என்றார் விக்னராஜா. அடுத்த மாதம் அவர் சட்டைக் கையில் பதவி உயர்வுக்கு ஒரு கோடு ஏறிற்று. சண்டை முடிந்ததும் துரை கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் கச்சேரி வேலை கிடைத்தது. கப்டன் பதவியின் முழு வரலாறும் அதுதான்.

அந்தக் கொப்பியை உண்மையைக் காப்பாற்ற அவர் வைத்திருந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துரை பழியைத் தன் பக்கம் திருப்பினால் காட்டத்தான் வைத்திருந்தார். பிறகு பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஒப்பம் வைத்த தாளை எறிய அந்தக் கைக்கு வராது.

இரஞ்சிதம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அண்ணன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அழுவாள் என்று யோகராணி கிட்டப் போனாள். அவள் அழவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை இந்தப் புத்தகம் எழுதினவரும் அந்த ஆக்களும் ஒரு இடத்தில கூடுவினம் எண்டு மகன் சொன்னவன். மெய்யோ?"

"ஓம். ஊர்வலம் முடிய, கழக மண்டபத்தில. மேஜர்தான் பேசுறார்."

"நானும் வாறன். இதை அங்க நீங்கள் வாசிக்க வேணும்."

அவள் போன பிறகு, ஞாயிறு காய்ச்சல் வந்தால் என்ன என்று விக்னராஜா யோசித்ததை மறைக்க மாட்டேன். வியாழன் அன்று இருமியும் பார்த்தார். "காய்ச்சல் எண்டால் நான் கொண்டுபோய் வாசிக்கிறன், எனக்கும் இங்கிலீசு தெரியும்" என்றாள் யோகராணி. இருமல் நின்றுவிட்டது.

ஞாயிறு ஊர்வலத்தில் அவர் நடந்தார். மூன்று வருஷம் ஏங்கிய ஊர்வலம், தெருவோரம் சனம் கைதட்டிற்று, அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மண்டபத்தில் பியரும் சான்விச்சும் வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் யோகராணியும் இரஞ்சிதமும் இருந்தார்கள். உண்மையான சண்டை கண்டவர்கள் பேசாமல் குடித்துக்கொண்டிருக்க, மேஜர் விட்டேக்கர் எழுந்து, தீவுகளைக் காத்த சின்னஞ்சிறு படைகளைப் பற்றி வெளுத்து வாங்கினார். பனங்குற்றி பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. சித்திரை ஒன்பதுக்கு வந்து, இதோ அன்று என்னோடு நின்ற விக்கி என்று கை காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விக்னராஜா எழுந்தார். வாயிலிருந்து வந்தது வீரப் பேச்சல்ல, கச்சேரிக் கிளாக்கரின் குரல்.

"பதினாலாம் பக்கத்தில் ஒரு திருத்தம்," என்றார் இங்கிலீசில். "அதில் என் கையெழுத்துள்ள சாட்சி பொய். நாற்பத்திரண்டாம் ஆண்டு விசாரணையில் நான் சொன்னதும் பொய். சரியான பதிவு இது." தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "துண்டு இலக்கம் நாற்பத்தேழு. சித்திரை ஒன்பது, காலை ஆறு ஐம்பது. பிரைவேட் அருளம்பலம், அதிகாரியின் பங்களாவுக்குச் சென்று பழுப்பு நாய் ஒன்றை, கூடையுடன், எடுத்துவரக் கட்டளையிடப்படுகிறார். ஒப்பம், லெப்டினன்ட் விட்டேக்கர்."

நாய் என்றதும் மண்டபம் சிரித்தது. பகிடி என்று நினைத்துவிட்டார்கள். விக்னராஜா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு, "அவர் ஓடவில்லை. அனுப்பப்பட்டார். திரும்பி வரும்போது இறந்தார். அவருடைய தங்கை இங்கே இருக்கிறார்" என்றார். மேஜரின் முகம் சிவந்தது. இந்த ஆளுக்கு வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

முன்வரிசையில் கழகத் தலைவர் இருந்தார், ஒரு கையைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்த மனிதர். அவர் மேஜரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நாய்க்கு என்ன நடந்தது?"

"பிரின்ஸா?" மேஜரின் முகம் மலர்ந்தது, யோசிக்க நேரமில்லை. "கூடையிலிருந்து குதித்து மேட்டுக்குத் தானே ஓடி வந்துவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கிற்று. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் தன் பியரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கடைசி வரிசைக்கு நடந்து வந்து, இரஞ்சிதத்துக்கு முன் தலையைத் தாழ்த்தி நின்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். மேஜர் தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரஞ்சிதத்துக்கு அந்த வேக இங்கிலீசு பிடிபடவில்லை.

"அந்தாள் என்ன சொன்னவர்?" என்று விக்னராஜாவைக் கேட்டாள்.

"நாய் தப்பிட்டுதாம்," என்றார் அவர்.

அவள் கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஒப்பமுள்ள தாள் கையை விட்டுப் போகிறது என்றதும், பழைய கிளாக்கர் பழக்கம் அந்த மனிதரின் வாயைத் திறந்தது.

"பிள்ளை, ஒரு கொப்பி எடுத்துப்போட்டுத் தாறனே. என்னட்டையும் ஒண்டு..."

இரஞ்சிதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்த அன்று ஒவ்வொரு பேச்சுக்கும் அண்ணை போட்டவள், இப்போது போடவில்லை.

"முப்பத்து நாலு வருஷம் உங்களிட்டை இருந்தது காணும்," என்று சொல்லி, பையைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.